விடுமுறைக்கு ஊர் போன மாணவர்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915இல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்களிடம் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். நிலம் யாரிடம்? கடன் எவ்வளவு? கூலி பணமா, நெல்லா? இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் என்று அவர்கள் எழுதிவந்த குறிப்புகள் 1918இல் நூலாயின. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களில் மறு ஆய்வு நடத்தினார்கள்.

இது வெறும் உள்ளூர்க் கணக்கா? இல்லை. தென்னாற்காட்டு நிலக்கடலை புதுச்சேரியில் கப்பலேறி மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போன காலம் அது. 1929க்குப் பிந்தைய உலகப் பெருமந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தது. கடன் தொகையோ அப்படியே நின்றது. அதே கடனை அடைக்கக் கூடுதல் மூட்டை விற்கணும். சர்வதேசப் பொருளாதாரம் களத்துமேட்டுக்கு வந்தது இப்படித்தான்.

இன்று ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல், சிமென்ட் ஆலை. இறக்குமதி நிலக்கரி எரிந்தால் சிமென்ட் விலைக்குள் டாலரும் வந்துவிடும். அங்கிருந்து பி.ஏ. பொருளாதாரம் சேரும் பெண் ரிக்கார்டோவின் துணியையும் ஒயினையும் நல்லாவே படிக்கட்டும். விடுமுறைக்கு வரும்போது பையில் ஒரு கேள்வியும் இருக்கட்டும்: சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவங்க இப்போ என்ன வேலை பார்க்கிறாங்க?