சீதா எலிய: ஐதீகமும் வரலாறும்

நுவரெலியாவிலிருந்து பதுளை செல்லும் நெடுஞ்சாலையில், ஹக்கலைப் பூங்காவை அடைவதற்குச் சற்று முன்னர் அமைந்துள்ளது சீதா எலிய. அங்கு ஓடைக்கரையிலே சீதையம்மன் ஆலயம் விளங்குகின்றது. இராவணன் சீதையைச் சிறைவைத்த அசோகவனம் இதுவே என்பது வழிவழி வந்த ஐதீகமாகும்.

இதற்கு நிலமே சான்றாகக் காட்டப்படுகின்றது. ஓடைப் பாறையிலுள்ள குழிகள் அனுமனின் காலடிகள் என்பர். கரிய மண் அவன் மூட்டிய தீயின் எச்சம் என்பர். ஹக்கலை மலையோ அவன் சுமந்துவந்த மருந்துமலையிலிருந்து வீழ்ந்த துண்டு என்பர். ஆயின், குளிர்மிகு மலைகளில் இலைதழைகள் மெதுவாக உக்குவதால் மண் கருமையடைதல் இயல்பே. மேலும், அனுமன் எரித்தது இலங்கை நகரை என்றும், சீதையை அத்தீ தீண்டவில்லை என்றுமே காப்பியங்கள் கூறுகின்றன.

ஹக்கலைப் பூங்காவின் வரலாறு 1861இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு ஆங்கில அரசு, தென்னமெரிக்கச் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுச் சோதிக்கும் பொருட்டு அங்கு தோட்டமொன்றை நிறுவியது. மலேரியாவுக்கு மருந்தாகிய கொயினா அம்மரப்பட்டையிலிருந்தே பெறப்பட்டது. மருந்துமலை வீழ்ந்ததாகக் கதை கூறும் இடத்திலேயே மருந்துமரம் நடப்பட்டமை வியத்தற்குரியது. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது. பின்னர் சிங்கோனாவின் விலையும் வீழ்ந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கையே மலைநாடெங்கும் பரவலாயிற்று.

இத்தோட்டங்களை உருவாக்கியோர் தென்னிந்தியத் தொழிலாளராவர். கோப்பிக் காலத்தில் அவர்கள் மன்னார்க் கரையிலிறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை வழங்கியது. கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, மீட்சிக்குக் காத்திருந்த ஒருத்தியின் கதை இம்மக்களுக்கு அந்நியமாகத் தோன்றியிராது.

2024 மே 19ஆம் நாள் நடைபெற்ற கும்பாபிஷேகத்திற்கு அயோத்தியிலிருந்து சரயு நதிநீர் கொண்டுவரப்பட்டது. ஐதீகத்தின் புகழ் கடல் கடந்துவிட்டது. ஆயின், அவ்வாலயத்தைச் சூழ்ந்த லயன்களில் வாழ்ந்து மறைந்தோரின் வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. முதியோர் நினைவில் அது நிற்கும்போதே தொகுத்து வைத்தல் வரலாற்று மாணவரின் கடமையாகும்.