இரண்டு ஊர்களிலிருந்து ஒரு நூல்

1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கணிப்பொறி மாநாட்டில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற பொறியியலாளர் ஒரு செயல்விளக்கம் காட்டினார். மேடையில் இருந்த அவரும், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த பில் பாக்ஸ்டனும், ஒரே உரையைத் தத்தம் திரையில் பார்த்துப் பேசிக்கொண்டே வேலை செய்தனர். அன்று காட்டப்பட்ட ‘மவுஸ்’ கருவியைத்தான் இன்று பலரும் நினைவு கூர்கிறார்கள். என் கவனம் இருவர் ஓர் உரையைப் பகிர்ந்துகொண்ட அந்தக் காட்சியின் மீதே செல்கிறது. அதற்குக் காரணம் உண்டு.

நண்பர் ஒருவரும் நானும் கல்லூரி மாணவர்களுக்காக இயற்பியல் செய்முறை நூலொன்று எழுதத் தொடங்கினோம். அவர் இருப்பது வேறு ஊர். நூலில் வரவேண்டிய புகைப்படங்களோ 200க்கு மேல். எழுத்து, படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒட்டினோம். அதை மின்னஞ்சலில் அவர் அனுப்ப நான் திருத்த, நான் அனுப்ப அவர் திருத்த, ஆறு மாதம் ஓடியது. அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்த அன்றுதான் விழித்துக்கொண்டோம். நியூட்டன் வளையங்களின் படத்தில் வெளி வளையங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கலான திட்டாகிவிட்டிருந்தன. அப்படத்தை வைத்துத்தான் மாணவர் வளையங்களின் விட்டத்தை அளந்து பழக வேண்டும்! மூலப் படத்தைத் தேடினால் இருவரிடமும் இல்லை. கோப்பில்தான் ஒட்டியாயிற்றே என்று அழித்துவிட்டிருந்தோம்.

இத்தனை முறை கைமாறியும் எழுத்தில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. படம் மட்டும் கெட்டது ஏன்? இக்கருவிகள் வளர்ந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

எழுத்தை இருவர் திருத்துவதில் உள்ள சிக்கலைக் கணிப்பொறியாளர்கள் வெகு முன்பே பிடித்துக்கொண்டார்கள். 1970களின் நடுவில், பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராயின் முயற்சியால் ‘டிஃப்’ என்ற சிறு நிரல் வந்தது. இரண்டு கோப்புகளை வரிவரியாக ஒப்பிட்டு, எங்கெங்கே வேறுபாடு என்று அது சொல்லிவிடும். ஆனால் இருவரும் ஒரே நொடியில் திருத்தினால்? 10ஆவது சொல்லுக்கு முன் நான் ஒரு சொல்லைச் சேர்க்கிறேன். அதே சமயம் நண்பர், 20ஆவது சொல்லை நீக்கு என்று ஆணையிடுகிறார். அந்த ஆணை என்னிடம் வந்து சேரும்போது, அவர் கருதிய சொல் 21ஆம் இடத்துக்கு நகர்ந்திருக்கும். அப்படியே நிறைவேற்றினால் தவறான சொல் போய்விடும். வந்த ஆணையை இடத்துக்கேற்ப மாற்றிக்கொண்டு பின்பு நிறைவேற்றும் முறையை 1989இல் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் ஆகிய இருவரும் வகுத்தனர். 2005இல் வந்த ‘ரைட்லி’யை மறு ஆண்டே கூகிள் நிறுவனம் வாங்கியது, அதிலிருந்து வளர்ந்த கூகிள் டாக்ஸ் இக்கருத்தைத்தான் பயன்படுத்துகிறது.

படத்தின் கதை வேறு. முதலில் அளவைப் பாருங்கள். தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 2000 குறிகள் என்று கொள்வோம். ஒருங்குறியின் வழக்கமான சேமிப்பு முறையில் குறிக்கு 3 பைட். ஆக 6000 பைட். 7 அங்குல அகலமும் 5 அங்குல உயரமும் உள்ள வண்ணப் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 31.5 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் 94.5 லட்சம் பைட். ஒரு படம் ஏறத்தாழ 1575 பக்க எழுத்துக்குச் சமம்! எனவே சுருக்காமல் முடியாது.

சுருக்கும் வழியைக் கண்டவர்களில் முதல்வர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1972இல் இவ்வாய்வுக்கு அவர் கேட்ட நிதி மறுக்கப்பட்டது. அவர் விடவில்லை, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் தனித்த கொசைன் உருமாற்றத்தை வெளியிட்டார். 1992இல் உருவான ஜேபெக் முறையின் உள்ளே இருப்பது இதுவே. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கொசைன் அலைகளின் கூட்டாக எழுதுகிறார்கள். மெதுவாக மாறும் அலைகள் காக்கப்படும். மிக நெருக்கமாக ஏறி இறங்கும் அலைகளில் பெரும்பகுதி கைவிடப்படும். முகத்தையோ மேகத்தையோ காட்டும் படத்தில் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. நியூட்டன் வளையங்களோ மையத்திலிருந்து விலக விலக நெருங்கிக்கொண்டே போகின்றன அல்லவா? வீசியெறியப்படுவது நமக்கு வேண்டிய வளையமேதான். படத்தின் ஓரத்தை வெட்டி, அளவைக் குறைத்து, மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இழப்பு ஏற்படும். போதாததற்கு, எழுத்துச் செயலிகள் பல, கோப்பு பெருக்காதிருக்கத் தாமாகவே படத்தைச் சிறிதாக்குகின்றன.

இந்த ஆபத்து இல்லாத ஒரு மரபும் உண்டு. தம் நூலின் மெய்ப்பு அழகாக இல்லையே என்று 1977இல் மனம் நொந்த டொனால்ட் குனூத், அடுத்த ஆண்டே ‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு நிரலை உருவாக்கினார். அதன் மேல் 1980களில் லெஸ்லி லாம்போர்ட் ‘லேடெக்’கை அமைத்தார். இதில் எழுதும்போது உரைக்குள் படம் வருவதில்லை. படத்தின் பெயர் மட்டுமே வரும். 2004இல் ஜோனதன் கியூ வெளியிட்ட ‘ஜீடெக்’ வழியே ஒருங்குறித் தமிழும் அதில் அமைகிறது.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். உரை கூகிள் டாக்ஸில். இருவரும் எந்நேரமும் திருத்தலாம். படம் வரவேண்டிய இடத்தில் அதன் பெயர் மட்டும் இருக்கும். மூலப் படங்கள் தனி உறையில், எண்ணிட்டு. அங்கே எவரும் எதையும் மாற்றக்கூடாது. பக்க அமைப்பு கடைசியில், ஒருவர் கையில் மட்டும். அந்த ஒருவர் நான், கருவி ஜீடெக். அதன் ஆணைகளைக் கண்டால் நண்பருக்குத் தலைவலி! சமன்பாடு இல்லாத, படமே முதன்மையான நூலுக்கு இன்டிசைன், ஸ்கிரைபஸ் போன்றவை கைக்கு எளிது என்பேன். இவற்றிலும் படத்தை இணைப்பாகவே வைக்கலாம்.

சென்ற மாதம் சோடிய விளக்கை ஏற்றி வளையங்களை மறுபடி படம் பிடித்தோம். இம்முறை சுருக்காத வடிவிலேயே சேமித்தோம். மெய்ப்புத் தாளில் 20ஆம் வளையம் வரை எண்ண முடிகிறது.