சுதந்திரப் பள்ளு: ஒரு பாட்டின் வரலாறு

ஒரு பாட்டை எழுதியவர் ஒருவர், பாடியவர் பலர், விலை கொடுத்து அதன் உரிமையைப் பெற்றவர் வேறொருவர். இவர்களுள் அப்பாட்டு யாருக்குச் சொந்தம்? இந்த வினாவுக்கு விடை காண விரும்புவோர் மகாகவி பாரதியாரின் ‘சுதந்திரப் பள்ளு’ நடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தால் போதும். ‘ஆடுவோமே’ என்று தொடங்கும் அப்பாட்டைக் கேளாத தமிழ்க் குடும்பம் அரிது. எனினும் அதன் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிய வாய்ப்புக் குறைவு. ஆதலின் அதனைச் சுருக்கமாக இம்மலரில் எழுத விழைகிறேன்.

வயலில் பிறந்த பாட்டு

பள்ளு என்பது உழவர் பாட்டு. மருத நிலத்தில் ஏர் உழுதும், நாற்று நட்டும், களை பறித்தும், போரடித்தும் வாழ்ந்த பள்ளர் குல மக்களின் ஆடல் பாடல்களைப் புலவர் பெருமக்கள் எடுத்து, ஒரு தனிப் பிரபந்தமாக வகுத்தனர். அவ்வகை நூல்களுள் தலைசிறந்தது முக்கூடற் பள்ளு. தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கும் இடத்தைப் பாடும் நூல் அது. மழைக் குறி தோன்றுவதும், ஆற்றில் வெள்ளம் வருவதும், நெல் வகைகளும், மாட்டு வகைகளும் அதில் வரிசை வரிசையாக வருகின்றன. கடல் கடந்த யாழ்ப்பாணத்திலும் கதிரைமலைப் பள்ளு, பறாளை விநாயகர் பள்ளு முதலிய நூல்கள் எழுந்தன.

பள்ளு நூல்களின் கதை ஏறத்தாழ ஒன்றே. பள்ளனுக்கு மனைவியர் இருவர். மூத்தவள் முறையிட, பண்ணைக்காரன் சினந்து பள்ளனைத் தொழுக்கட்டையில் மாட்டுகிறான். பின்னர் விடுவிக்கிறான். கேட்போர் நகைக்கின்றனர். நெல்லை விளைவித்தவன் கதைத் தலைவனாக இருந்தும், நகைப்புக்கும் தண்டனைக்கும் உரியவனாகவே அவன் நிறுத்தப்பட்டான். இலக்கியச் சுவை மிகுந்த அந்நூல்களில் நம் மனத்தை உறுத்தும் இடம் இது.

பாரதியார் செய்த மாற்றம்

எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதியார் இந்தப் பழைய வடிவத்தைக் கையில் எடுத்தார். ‘பள்ளர் களியாட்டம்’ என்று குறிப்புத் தந்து, வராளி ராகமும் ஆதி தாளமும் அமைத்தார். சங்கீத வித்துவான்கள் மதித்துப் போற்றும் ஒரு கன ராகத்தை வயற்காட்டு ஆடலுக்கு அவர் வழங்கியது கருதத் தக்கது. பண்ணைக்காரன் அதில் இல்லை; தொழுக்கட்டையும் இல்லை. பிறப்பினால் வந்த உயர்வும், அந்நியனுக்குத் தலைவணங்கிய வழக்கமும் ஒழிந்தன என்று உழவனே முழங்குகிறான். உழவையும் தொழிலையும் வணங்கச் சொல்கிறான்; உழைக்காமல் உண்டு களித்திருப்போரை இடித்துரைக்கிறான்.

மற்றொரு புதுமையும் உண்டு. சுதந்திரம் வரும் என்று அவன் பாடவில்லை. வந்துவிட்டது என்றே பாடுகிறான். பாரதியார் 1921 செப்டம்பரில் மறைந்தார். நாடு விடுதலை பெற்றதோ மேலும் 26 ஆண்டுகள் கழித்து. இடையில் 1928-ல் அவருடைய சுதேச கீதங்களைச் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதனைக் கண்டித்து வாதாடினார். தாளில் அச்சிட்டதைப் பறிமுதல் செய்யலாம். மக்கள் நாவில் ஏறியதை என் செய்வது?

பட்டம்மாளின் குரல்

1947 பொங்கலை ஒட்டி ஏ.வி.எம். தயாரித்த ‘நாம் இருவர்’ படம் வெளிவந்தது. ஆர். சுதர்சனம் இசையமைத்த அப்படத்தில் சுதந்திரப் பள்ளைப் பாடியவர் டி.கே. பட்டம்மாள், அதற்கு நடனமாடியவர் குமாரி கமலா. கர்நாடக இசை மேடையில் பெரும்புகழ் பெற்றிருந்த பட்டம்மாள், சினிமாவில் பக்திப் பாட்டும் தேசியப் பாட்டும் அன்றிப் பிறவற்றைப் பாட இசையாதவர். விடுதலைக்கு ஏழு மாதம் முன்னரே, விடுதலை வந்துவிட்டதென்னும் பாட்டு திரையரங்குகளில் ஒலித்தது! பின்பு சுதந்திரம் வந்த ஆகஸ்டு மாதத்தில் சென்னை வானொலி வாயிலாக அதே பாட்டை அவர் பாடினார். பாட்டு அன்றுதான் மெய்யாயிற்று.

உரிமைக்கு எழுந்த வழக்கு

பாரதியார் தம் குடும்பத்துக்கு விட்டுச் சென்ற செல்வம் அவருடைய எழுத்து ஒன்றே. வறுமையின் காரணமாக அவ்வுரிமைகள் பகுதி பகுதியாகக் கைமாறின. இசைத்தட்டு, சினிமா ஆகியவற்றுக்கான உரிமையைச் சென்னை நகை வியாபாரி ஒருவர் வாங்கினார், அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். ரயில்வேயில் சரக்கு ரசீதின் பின்புறம் கையொப்பமிட்டுப் பெயர் மாற்றுவதைப் போல, ஒரு கவிஞனின் பாட்டும் கைமாறியது.

1948-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாடலொன்றைச் சேர்த்தனர். உரிமை தம்முடையது என்று செட்டியார் தடை எழுப்பினார். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. பணம் கொடுத்து வாங்கியவர் அவர். பாரதியார் பாட்டைப் பட்டிதொட்டி எங்கும் பரப்பியதில் அவர் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் மறுத்தல் கூடாது. ஆயினும், நாட்டின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்ற கேள்வி தமிழகமெங்கும் கிளம்பியது. எழுத்தாளர்களும் நடிகர்களும் பாரதி பக்தர்களும் குரல் கொடுத்தனர்.

1949-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த காலத்தில், அவ்வுரிமையை ஏற்கச் சென்னை அரசாங்கம் முடிவு செய்தது. செட்டியாரும் விலை பெறாமலே தம் உரிமையை விட்டுக் கொடுத்தார். 1955-ல் பாரதியார் எழுத்து அனைத்தும் மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டது. சட்டத்தின் வழியே காத்திருந்தால், ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் ஆகும் 1971 வரை பொறுக்க வேண்டியிருக்கும்.

பல குரல்கள்

பொதுவுடைமை ஆனதன் பயனை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின. கன்னடப் படவுலகிலும் பெயர் பெற்ற பி.ஆர். பந்துலு 1961-ல் ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தபோது, ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதன், சீர்காழி கோவிந்தராஜன் முதலியோர் பாரதியார் பாடல்களைப் பாடினர். 1982-ல் வந்த ‘ஏழாவது மனிதன்’ படத்தில் எல். வைத்தியநாதன் இசையில் பாடியவர்களுள் கவிஞரின் கொள்ளுப் பேரர் ராஜ்குமார் பாரதியும் ஒருவர். ‘கண்ணம்மா என் குழந்தை’ என்னும் பாட்டை 1951-ல் ‘மணமகள்’ படத்தில் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினர், 1987-ல் ‘நீதிக்குத் தண்டனை’ படத்தில் கே.ஜே. யேசுதாசும் ஸ்வர்ணலதாவும் பாடினர். ஒரு குரல் மற்றொரு குரலை அழித்துவிடவில்லை. ஒவ்வொருவர் பாடியதும் பாட்டுக்குப் புதிய உயிர் தந்தது.

ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன்னே, சேற்றில் நின்று பள்ளுப் பாடியோரின் குரல் எந்த இசைத்தட்டிலும் ஏறவில்லை. அக்குலத்தார் உள்ளிட்ட ஏழு பிரிவினரைத் ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்னும் ஒரே பெயரால் அழைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2021-ல் நிறைவேற்றியது. பாட்டில் பாரதியார் அளித்த மதிப்பு சட்டத்தில் ஏற 74 ஆண்டுச் சுதந்திரம் தேவைப்பட்டது. இப்பாட்டைப் பாடும்போது அவர்களை நினைப்பது நம் கடமை.

நமக்கு ஒரு வேண்டுகோள்

பிழைப்பை நாடிப் பீன்யாவுக்கு வந்த நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகளே. பாட்டனார் ஏர் பிடித்தார். நாம் இயந்திரம் பிடித்தோம், பேனா பிடித்தோம். நம் குழந்தைகள் பள்ளியில் கன்னடம் கற்கின்றனர், அது நன்றே. ஆனால் தமிழ் எழுத்தறியாமல், கேட்டுப் பழகிய ஒலியை மட்டும் கொண்டு இப்பாட்டைப் பாடும் குழந்தைக்குப் ‘பள்ளு’ என்றால் என்ன என்று சொல்லித் தருவது யார்? பெற்றோரும் சங்கமுமே அதைச் செய்தல் வேண்டும்.

மேலும் ஒன்று. இப்பாட்டில் ‘நான்’ என்று பேசுவார் எவருமில்லை. எங்கும் ‘நாம்’ என்பதே பேச்சு. ஆகவே விழா மேடையில் நல்ல குரலுடைய ஒரு குழந்தையை மட்டும் நிறுத்திப் பாட வைத்து, மற்றவர்களைக் கைதட்டச் சொல்வது பொருந்தாது. சுருதி சேரினும் சேராவிடினும் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்தே பாடட்டும். பெரியவர்களும் உடன் பாடட்டும். பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற வினாவுக்கு அதுவே விடை. பாடுகின்றவர் எவரோ, அவர் அனைவருக்கும் அது சொந்தம்.