அறுபத்தைந்து பவுண்டு வண்டி

ஓட்டை வேன்தான். விலை 65 பவுண்டு. அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 1,200 ரூபாய்.

1972-ல் லண்டனில் அதை வாங்கிய டோனி வீலருக்கும் மௌரீனுக்கும் கல்யாணமாகி முழுசாக ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. டோனி, லண்டன் பிசினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. முடித்தவர். நியாயமாகப் பார்த்தால் டை கட்டிக்கொண்டு ஏதாவதொரு கம்பெனியில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். ம்ஹும். புருஷனும் பெண்டாட்டியுமாக வேனில் ஏறிக் கிழக்கே பார்த்துக் கிளம்பிவிட்டார்கள்.

ஐரோப்பா ஆச்சு. துருக்கி ஆச்சு. ஈரான் ஆச்சு. ராத்திரியானால் எங்காவது ஓரங்கட்டி முகாம். விடிந்தால் மறுபடி சாவி. காபூல் வந்ததும் வண்டியை விற்றுக் காசாக்கிக்கொண்டு, மிச்ச தூரத்தை மற்ற வழிகளில் கடந்தார்கள். வருடக் கடைசியில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் போய் நின்றபோது இருவர் பையிலும் சேர்த்து மொத்த இருப்பு, 27 சென்ட்.

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் இப்படிக் கிளம்பியவர்கள் இவர்கள் மட்டுமல்ல. இவர்களுக்கு 15 வருடம் முன்பே, 1957 ஏப்ரலில், 'இண்டியாமேன்' என்ற பஸ் 20 பயணிகளோடு லண்டனிலிருந்து புறப்பட்டு ஜூன் மாதம் கல்கத்தா வந்து சேர்ந்தது. ஒரு வழிக் கட்டணம் 85 பவுண்டு. 60-களின் பின்பாதியில் தொடங்கி 70-கள் முழுக்க, ஐரோப்பிய, அமெரிக்க இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இந்த வழியில் வந்துகொண்டே இருந்தார்கள். ஹிப்பி டிரெயில் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்தக் கூட்டத்தின் செல்ல வண்டி, ஃபோக்ஸ்வாகன் வேன். 1947 ஏப்ரலில் பென் போன் என்கிற டச்சுக்கார கார் வியாபாரி, நோட்டுத் தாளில் பெட்டி மாதிரி ஏதோ கிறுக்கிக் காட்டினார். 1950-ல் ஜெர்மனியில் அது நிஜ வண்டியாக வெளியே வந்தது. அடுத்த வருடமே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி அதற்குள் படுக்கை, அலமாரி எல்லாம் வைத்துக் குட்டி வீடாக்கிவிட்டது. எஞ்சின் பின்பக்கம். காற்றிலேயே குளிரும் ரகம். ரேடியேட்டர் கிடையாது. அதாவது நடுப் பாலைவனத்தில், 'தண்ணி கொதிக்குது சார்' என்று பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். மேட்டில் முக்கும், முனகும். ஆனால் ஏறிவிடும்.

லண்டனிலிருந்து டெல்லி சுமார் 9,000 கிலோமீட்டர். இஸ்தான்புல்லில் 1973 அக்டோபர் வரை பாஸ்பரஸ் ஜலசந்திக்கு மேலே பாலம் கிடையாது. வண்டியைப் படகில் ஏற்றித்தான் ஆசியாவுக்குள் கால் வைக்க வேண்டும். அங்கே 'புட்டிங் ஷாப்' என்று எல்லோரும் கூப்பிட்ட ஓர் ஓட்டலில் அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. 'டெல்லி போகிறோம், வேனில் இடமிருக்கிறது' ரகச் சீட்டுகளை அதில் குத்தி வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு டெஹ்ரான், மஷாத், ஹெராத், கந்தஹார், காபூல். கைபர் கணவாய்க்கு முன்னால் தோர்கம் எல்லையில் ஒரு வேடிக்கை. ஆப்கனிஸ்தானில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கோட்டைத் தாண்டிப் பாகிஸ்தானுக்குள் நுழைந்தால் இடப்பக்கம். அப்புறம் பெஷாவர், லாகூர், வாகா, அமிர்தசரஸ். பொற்கோயிலில் தங்க இடமும் லங்கரில் சாப்பாடும் இலவசம்.

கஞ்சாவைத் தேடி வந்தவர்கள் உண்டு. ஞானத்தைத் தேடி வந்தவர்கள் உண்டு. சும்மா ஊர் பார்க்க வந்தவர்களும் உண்டு. அதை விடுங்கள். வண்டி எப்படி இத்தனை எல்லைகளைத் தாண்டியது?

ஒரு புத்தகம். கார்னே என்று பெயர். வண்டிக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். சொந்த ஊர் ஆட்டோமொபைல் சங்கத்தில் பணமோ வங்கி உத்தரவாதமோ கொடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தாள். வண்டி உள்ளே வந்ததற்கு ஒரு முத்திரை, வெளியே போனதற்கு ஒரு முத்திரை. எங்கள் பி.காம். வாத்தியார் டபுள் என்ட்ரி நடத்தியபோது இந்த உதாரணத்தைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். இரண்டு பக்கமும் டாலி ஆக வேண்டும். ஆகாவிட்டால், வண்டியை உள்ளேயே விற்றுவிட்டாய் என்று அர்த்தம். எடு சுங்கவரியை! சில நாடுகளில் அந்த வரி வண்டியின் விலையையே தாண்டிவிடும்.

ஆக, காற்று போன போக்கில் திரிந்ததாகச் சொல்லப்படும் ஹிப்பியின் வேனில்கூட, டாஷ்போர்டுக்குள் ஒரு வங்கி உத்தரவாதம் பத்திரமாக இருந்தது.

சரி, சாலை? இங்கேதான் கதையே இருக்கிறது.

ஆப்கனிஸ்தானின் மன்னர் ஜாஹிர் ஷா, பனிப்போரில் எந்தப் பக்கமும் சேரவில்லை. இரண்டு பக்கமும் உதவி வாங்கிக்கொண்டார். சோவியத் எல்லையிலிருக்கும் குஷ்காவில் தொடங்கி ஹெராத் வழியாகக் கந்தஹார் வரை, ரஷ்யர்கள் கான்கிரீட் சாலை போட்டுக் கொடுத்தார்கள். அமெரிக்கா சும்மா இருக்குமா? கந்தஹாரிலிருந்து காபூல் வரை சுமார் 480 கிலோமீட்டருக்கு அவர்கள் தார் ரோடு போட்டார்கள். இரண்டும் 1960-களின் நடுவில் தயார். ஹெராத்தில் ரஷ்யக் கான்கிரீட்டில் ஏறுகிற பழைய வேன், கந்தஹாரில் அமெரிக்கத் தாருக்கு மாறி, காபூலில் போய் இறங்கும். சண்டை வேண்டாம், அன்பு போதும் என்று வண்டியில் எழுதிக்கொண்டு வந்தவர்களுக்கு, இரண்டு வல்லரசுகளின் சண்டைதான் ரோடு போட்டுக் கொடுத்திருந்தது.

இதே ரோட்டில் நம் ஆட்கள் எதிர்த்திசையில் போயிருக்கக்கூடாதா? போகலாம். கையில் காசு வேண்டுமே. 70-களில் ஒரு காலகட்டத்தில், வெளிநாடு கிளம்பும் சாதாரண இந்தியப் பயணிக்கு அரசாங்கம் அனுமதித்த அந்நியச் செலாவணி வெறும் எட்டு டாலர். எட்டு டாலரில் பெட்ரோல் போட்டு லண்டன் போக முடியாது. வீலர் தம்பதி 27 சென்ட்டோடு போய் நின்றது சாகசம். அதே 27 சென்ட்டோடு நம்மாள் அவர்கள் ஊரில் போய் நின்றிருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள்.

எல்லாம் 1979-ல் முடிந்தது. ஜனவரியில் ஈரானைவிட்டு ஷா வெளியேறினார். பிப்ரவரியில் கொமேனி வந்து இறங்கினார். நவம்பரில் டெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகம் முற்றுகை. டிசம்பர் கடைசி வாரத்தில் சோவியத் படைகள் ஆப்கனிஸ்தானுக்குள் நுழைந்தன. அதில் ஒரு பகுதி எந்த வழியாக வந்தது தெரியுமா? குஷ்கா, ஹெராத், கந்தஹார். பதினைந்து வருடம் முன்பு அவர்களே போட்டுக் கொடுத்த, அதே கான்கிரீட் சாலை! வேன் ஓடியதால் அது சுற்றுலாச் சாலையாகத் தெரிந்திருக்கிறது. போட்டவர்களுக்கு மட்டும் தெரியும், எந்தக் கனத்தைத் தாங்கும் என்று.

பிறகும் ஈரானிலிருந்து பலூசிஸ்தான் பாலைவனம் சுற்றி இந்தியா வந்தவர்கள் உண்டு. ஆனால் காபூல் வழி போனது போனதுதான். காபூல் - கந்தஹார் சாலையை அமெரிக்கா 2003-ல் மறுபடி புதுப்பித்துத் திறந்தது. தாலிபன்கள் அதில் குண்டு வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் அவர்களே ஆட்சிக்கும் வந்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில், பஹல்காம் படுகொலைக்குப் பிறகு, அட்டாரி எல்லைச் சாவடியை இந்தியா மூடியது.

அந்த 27 சென்ட் தம்பதி? எப்படி வந்தீர்கள், எவ்வளவு செலவாச்சு என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்டுத் துளைக்க, 1973-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதி, கையாலேயே ஸ்டேப்பிள் அடித்து விற்றார்கள். முதல் 1,500 பிரதிகள் சூட்டோடு சூடாகத் தீர்ந்தன. அதுதான் லோன்லி பிளானட். 2007-ல் தொடங்கி இரண்டு தவணையில் பி.பி.சி. நிறுவனம் அதை வாங்கியபோது, கொடுத்த மொத்த விலை சுமார் 13 கோடி பவுண்டு. முதலீடு, ஒரு 65 பவுண்டு வேன்.

அந்தப் பழைய ஃபோக்ஸ்வாகன்களுக்கும் இன்று யோகம்தான். பழம்பொருள் பிரியர்கள் லட்சக்கணக்கில் கொட்டி வாங்கி, துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வண்டிதான் ஓட்டை, ரோடு திறந்திருந்தது. இன்றைக்கு வண்டி கண்டிஷனில் இருக்கிறது. ஹெராத் வழியாக டெல்லிக்கு விடுங்கள், பார்க்கலாம்.