தலைச்சீரா: ஒரு சொல்லின் வரலாறும் அதன் எல்லையும்

எபேசியர் 6:17 இல் வரும் தலைச்சீராவைக் குறித்துப் பிரசங்கிக்காத குருவானவர் அரியர். அப்போர்க்கருவியின் பெயர் பல மொழிகளில் தோன்றிய வரலாற்றை அறிவது பயனுடைத்து. அவ்வறிவின் எல்லையை உணர்வது அதனினும் பயனுடைத்து.

பண்டை மக்கள் முதலில் செய்பொருளை நோக்கிப் பெயரிட்டனர். ஹோமரின் இலியத்து காவியத்தில் வழங்கும் 'குனெயே' என்னும் சொல் நாய்த்தோல் தொப்பி என்னும் பொருளில் பிறந்தது. ஆயினும் அக்காவியத்திலேயே காளைத்தோல் தொப்பிக்கும் வெண்கலம் பதித்த கவசத்திற்கும் அதுவே பெயராக நிற்கின்றது. இலத்தீனில் 'கலேயா' தோலாலானது, 'காசிஸ்' உலோகத்தாலானது என ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரப் பேராயர் இசிதோர் பிரித்துரைத்தார். எனினும், சவுல் தாவீதுக்கு அணிவித்த வெண்கலச் சீராவை (1 சாமுவேல் 17:38) வுல்காத்தா மொழிபெயர்ப்பு 'கலேயா' என்றே கூறுகின்றது. தோல் மறைந்தது, பெயர் நிலைத்தது.

ஜெர்மானிய இனமொழிகளோ செயலை நோக்கிப் பெயரிட்டன. நான்காம் நூற்றாண்டில் உல்பிலா தொடங்கிய கோத்திய மொழித் திருமறையில் தலைச்சீரா 'ஹில்ம்ஸ்' எனப்படுகின்றது. ஜெர்மன் 'ஹெல்ம்', ஆங்கில 'ஹெல்மெட்' ஆகியவை இதன் இனச்சொற்கள். மூடுதல், மறைத்தல் என்பதே இவற்றின் வேர்ப்பொருள். வடமொழிச் 'சரணம்' என்பதும் அவ்வேரினதே என்பர் மொழிநூலார். என்னே அழகிய பிரசங்கக் குறிப்பு! ஆனால் நரகத்தைக் குறிக்கும் ஆங்கில 'ஹெல்' என்பதும் அதே வேரில் கிளைத்ததன்றோ? சரணத்தைக் கொள்வோர் நரகத்தை எங்ஙனம் விலக்குவர்? வேர்ப்பொருளையே சொற்பொருளாகக் கொள்ளும் இப்பிழையை ஜேம்ஸ் பார் 1961 இல் வெளியிட்ட நூலில் வன்மையாகக் கண்டித்தார்.

நிருபத்தின் கிரேக்கச் சொல் 'பெரிகெபலாயா'. தலையைச் சூழ்ந்திருப்பது என்பதே அதன் அமைப்பு. இறையியல் அச்சொல்லின் வேரில் இல்லை. அது வழங்கும் இடத்தில் உள்ளது. ஏசாயா 59:17 இன் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அச்சொல்லே வருகின்றது. அங்கே இரட்சிப்பின் சீராவை அணிபவர் கர்த்தர். எபேசியரில் அதை அணிபவர்கள் விசுவாசிகள். மேலும், ஈண்டு வரும் 'தெக்ஸஸ்தே' என்னும் வினை, கொடுப்பவரிடமிருந்து ஏற்றுக்கொள்ளுதலைக் குறிப்பதே பெருவழக்கு. ஆகவே நாம் செய்துகொள்ளாத, தேவன் தாமே அணிந்த சீரா நமக்கு அருளப்படுகின்றது.

சபை கேட்கவேண்டிய நற்செய்தி இதுவே. இதனை உணர்த்த அகராதியின் வேர்கள் போதா. வேதவாக்கியங்களை ஒப்புநோக்கும் பொறுமையே வேண்டும்.