மாப்பிள்ளையின் விமானமும் ஒரு ரிவெட் குறடும்



சென்ற மாதம் ஓரிகனில் மகள் வீட்டுக் கார் ஷெட்டின் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். "சார், கார் எங்கே? தகடும் பலகையுமாக இருக்கிறதே?" என்று பலர் கேட்டீர்கள். கார் தெருவில் நிற்கிறது. ஷெட்டுக்குள் மகளும் மாப்பிள்ளையும் விமானம் கட்டுகிறார்கள். பொம்மை இல்லை, இரண்டு பேர் ஏறிப் பறக்கும் நிஜ விமானம். கொஞ்சம் நீண்ட பதிவு. வகுப்பில் உட்கார்ந்தது போலப் பொறுமையாகப் படியுங்கள்.

மேசையில் இரண்டு கைக் குறடுகள் இருந்தன. ரிவெட்டை அழுத்தி இறுக்கும் கருவி, ஸ்குவீசர் என்கிறார்கள். ஒன்று விலை குறைவு, மற்றொன்று ஏறக்குறைய இரு மடங்கு. "மாமா, எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் திருப்பி அனுப்பலாம்? நீங்களே பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் மாப்பிள்ளை. ஒரு குறட்டுக்கு இவ்வளவு யோசனையா என்றுதான் முதலில் நினைத்தேன். வரலாற்றைப் படித்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

விமானத்தின் தோலை ஏன் வெல்டிங் செய்யாமல் ரிவெட் அடிக்கிறார்கள்? இதற்கு விடை 1906-ல் இருக்கிறது. ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் என்ற உலோகவியலாளர் அலுமினியத்தில் சிறிது செம்பும் மக்னீசியமும் கலந்து, சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் குளிர வைத்தார். அப்போது அது மென்மையாகவே இருந்தது. சில நாள் சும்மா வைத்திருந்து மறுபடி சோதித்தால் தானாகவே கெட்டிப்பட்டிருந்தது. அதுதான் டியூராலுமின். எடை அலுமினியத்தினுடையது, வலிமை சாதாரண எஃகோடு ஒப்பிடத்தக்கது. ஆனால் வெல்டிங் சூடு பட்டால் அந்த வலிமை அந்த இடத்தில் போய்விடும். அதனால் சூடில்லாமல் இணைக்கும் வழி வேண்டியிருந்தது. துளையிட்டு, ஆணியைச் செருகி, வால் பக்கத்தை நசுக்கித் தலையாக்குவது. நம் ஊரில் வாளிக்குக் கைப்பிடி வைப்பவர் செய்யும் அதே வேலை. தமிழில் தறையாணி என்று இதற்குப் பழைய சொல்லே உண்டு.

1919-ல் ஜெர்மனியில் பறந்த யுங்கர்ஸ் எஃப் 13 முழுக்க உலோகத்தால் ஆன முதல் பயணிகள் விமானம். 1935-ல் அமெரிக்காவின் ஹோவர்ட் ஹியூஸ், ரிவெட் தலைகள் வெளியே துருத்தாமல் தகட்டோடு தகடாகப் படிந்த ஒரு விமானத்தில் மணிக்கு 352 மைல் வேகத்தில் பறந்து சாதனை செய்தார். ஆணியின் தலைகூடக் காற்றைத் தடுக்கும் என்பதை உலகம் அப்போது நன்றாகப் புரிந்துகொண்டது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போக, தொழிற்சாலைகளில் பெண்கள் ரிவெட் அடித்தார்கள். அது இருவர் சேர்ந்து செய்யும் வேலை. வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் படபடவென்று அடிப்பார். உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டியை ஆணியின் வாலில் முட்டுக் கொடுத்துப் பிடிப்பார். ஒருவர் கை பிசகினாலும் ரிவெட் கெடும். சில வகை ரிவெட்டுகளை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள். காரணம் வில்ம் கண்டதுதான். வெளியே வைத்தால் தானாகக் கெட்டிப்பட்டு, நசுக்க வராது. 'ரோசி த ரிவெட்டர்' என்று 1942-ல் ஒரு பாட்டே வந்தது. 1943 மே மாதம் ஒரு வார இதழின் அட்டையில், மடியில் ரிவெட் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சாப்பிடும் பெண்ணை ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்தார்.

போருக்குப் பின் வீட்டில் விமானம் கட்டும் ஆர்வம் பரவியது. 1953-ல் பால் போபெரெஸ்னி என்பவர் மில்வாக்கியில் இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார். 1970 முதல் அவர்களின் ஆண்டுத் திருவிழா ஆஷ்காஷ் நகரில் நடக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: விமானத்தின் பெரும்பகுதியைத் தாமே செய்திருக்க வேண்டும், அதுவும் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் செய்திருக்க வேண்டும். கல்விக்காக விமானம்!

முன்பு இப்படிக் கட்டியவை பெரும்பாலும் மரமும் துணியும் இரும்புக் குழாயும்தான். 1960-களில் ஜான் தார்ப் வடிவமைத்த டி-18 என்ற உலோக விமானம் வழியைத் திறந்தது. அப்படி வீட்டில் கட்டிய ஒரு டி-18 விமானத்தில் 1976-ல் ஒருவர் உலகையே சுற்றி வந்தார். 1971-ல் ஓரிகன்காரர் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் தம் ஆர்வி-3 விமானத்தைப் பறக்கவிட்டார். அந்த வரிசையில் இன்றுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் வீடுகளில் கட்டிப் பறக்கவிடப்பட்டிருக்கின்றன. இங்கே நடப்பதும் அந்த வகைதான். ஒரு விமானத்துக்கு ரிவெட்டுகள் பத்தாயிரத்துக்கு மேல். நல்ல வேளையாக இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஐஸ் பெட்டி தேவையில்லை. தலை நடுவில் ஒரு சிறு குழி இருந்தால் அந்த வகை என்று அடையாளம்.

இனி குறடு. துப்பாக்கிக்கு இரண்டு பேர் வேண்டும். குறட்டுக்கு ஒருவர் போதும். தட்டுவதில்லை, ஒரே அழுத்து. ஆனால் அதன் வாய் எட்டும் ஓரங்களில் மட்டுமே வேலை செய்யும். வாய் ஆழமாக இருந்தால் உள்ளே எட்டும், ஆனால் கனமாகும், அழுத்தும்போது சற்று வளையும். விலை குறைந்த குறடு ஏறக்குறைய நம் பாக்குவெட்டிதான். ஐந்தாம் வகுப்பில் நெம்புகோல் பாடத்துக்கு நான் அம்மாவின் பாக்குவெட்டியைக் கொண்டுவந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். விலை கூடிய குறட்டில் முழங்கால் போல மடங்கி நிமிரும் ஓர் இணைப்பு இருக்கிறது. கைப்பிடி மூட மூட அழுத்தும் விசை பெருகும். ரிவெட் அதிகமாக எதிர்க்கும் கடைசிக் கட்டத்தில்தான் விசை மிகுதி. தண்டின் உயரத்தைத் திருகி ஒருமுறை சரிசெய்துவிட்டால், கைப்பிடி முழுதும் மூடும்போது ஒவ்வொரு ரிவெட்டும் ஒரே உயரத்தில் நிற்கும்.

எவ்வளவு நசுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. நசுங்கிய தலையின் அகலம் ஆணியின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் அரை மடங்கு. பெட்டியில் 4-6 என்று எழுதியிருந்தால் விட்டம் 32-ல் 4 பங்கு அங்குலம், நீளம் 16-ல் 6 பங்கு. மாப்பிள்ளை கால்குலேட்டரைத் தேட, நான் வாயால் சொன்னேன்: விட்டம் நான்கு அரைவீசம், அதாவது அரைக்கால் அங்குலம். நீளம் ஆறு வீசம். நசுங்கிய பிறகு அகலம் மூன்று வீசம், உயரம் ஒரு வீசம். என் தாத்தா சொல்லிக்கொடுத்த கீழ்வாய் இலக்கம் விமானத்துக்கு உதவும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்!

கழிவுத் தகட்டில் இரண்டையும் சோதித்தோம். மாப்பிள்ளைக்கு இரண்டுமே சுலபம். எனக்கு விலை குறைந்த குறட்டில் மூன்று ரிவெட்டோடு கை ஓய்ந்தது. நான்காவது சாய்ந்து படுத்தது. ஆனாலும், "எனக்கென்ன, கட்டுபவர் நீங்கள். மலிவானதே போதும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

வாசலில் நின்றிருந்த மகள் கேட்டாள்: "அப்பா, பாதி ரிவெட் நான்தானே அடிக்கப் போகிறேன். என்னை ஒருவரும் கேட்கவே இல்லையே?"

எனக்குச் சுருக்கென்றது. முதல் நாள் இரவு முழுவதும் ரோசியைப் பற்றிப் படித்தவன் நான். பள்ளியில் மேசை ஆணி அடிக்கவும் பல்பு மாட்டவும் எப்போதும் பையன்களையே கூப்பிட்டவனும் நான்தான். என்னிடம் படித்த பெண்கள் இதைப் படிக்கிறீர்கள். அது என் தவறு.

மகள் மலிவான குறட்டை எடுத்தாள். இரண்டு கையாலும் அழுத்தியும் கைப்பிடி விரலளவு மூடாமல் நின்றது. அளந்தால் தலை உயரம் அதிகம், அகலம் குறைவு. சரியாக நசுங்காத ரிவெட். அதைத் துளைத்து எடுக்கப் போய்க் கை தவறினால் துளை கோணலாகிப் பெரிதாகும். சிவப்பு மையால் திருத்துவது போல இதைத் திருத்திக்கொண்டே இருக்க முடியாது. அடுத்து மற்ற குறட்டை எடுத்தாள். பத்து ரிவெட், பத்தும் ஒரே அளவு. பத்தாவதை அடிக்கும்போதும் கை நடுங்கவில்லை.

விலை கூடியதை வைத்துக்கொண்டோம், மூன்று அங்குல ஆழ வாயோடு. வீட்டில் வலுக்குறைந்த கைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் கருவி வாங்க வேண்டும். ஆயிரமாவது ரிவெட்டும் முதல் ரிவெட்டைப் போலவே இருந்தாக வேண்டுமே. அந்த இருக்கையில் உட்காரப் போவது என் பிள்ளைகள்.

வால் பகுதியின் முதல் ரிவெட்டை நேற்று மகள்தான் அடித்தாள். அளந்து பார்த்தேன். அகலம் மூன்று வீசம், உயரம் ஒரு வீசம். பத்துக்குப் பத்து போட்டேன்.

பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்