தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் தனியார் துப்பாக்கி

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், சிலாங்கூரைப் பிரிக்கும் பெர்னாம் ஆற்றங்கரையில் இருக்கிறது தஞ்சோங் மாலிம். இந்த ஊரிலும், இதற்கு வடக்கே பெஹ்ராங், சிலிம் ரிவர், துரோலாக் வரை பரவியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் ராணுவத்தையும் போலீஸையும் சேராதவர்கள் வைத்திருந்த துப்பாக்கிகளின் வரலாற்றை இக்கட்டுரை சொல்கிறது. விருப்பத்துக்காகத் துப்பாக்கிகளை வாங்கிச் சேர்க்கும் பழக்கம் மலேசியாவில் வேர்விடவில்லை. 2017ஆம் ஆண்டின் உலக மதிப்பீடு ஒன்றின்படி அமெரிக்காவில் நூறு பேருக்குச் சுமார் 120 தனியார் துப்பாக்கிகள் உண்டு. மலேசியாவில் நூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. இதற்கு மக்களின் சுபாவத்தைக் காரணமாகச் சொல்வது மேலோட்டமான விளக்கம். 1942 முதல் 1960 வரை இந்த மண்ணில் துப்பாக்கி கைமாறிய விதமும், அதிலிருந்து பிறந்த சட்டங்களுமே உண்மையான காரணம்.

பிரிட்டிஷார் வருமுன்பே மலாய்க்காரர்களிடம் ‘இஸ்திங்கார்’ என்ற திரித் துப்பாக்கியும், ‘லேலா’ என்ற சிறு பீரங்கியும் இருந்தன. 1861 முதல் லாருட்டில் ஈயச் சுரங்கங்களுக்காக நடந்த சண்டைகளில் புதுவகைத் துப்பாக்கிகள் பேராக்கிற்குள் வந்து குவிந்தன. 1873இல், பினாங்கின் முன்னாள் போலீஸ் அதிகாரி கேப்டன் ஸ்பீடி இந்தியாவிலிருந்து சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மறுஆண்டு பங்கோர் ஒப்பந்தத்தோடு பிரிட்டிஷ் ஆதிக்கம் ஏற்பட்டது. ஆயுதத்தை அரசின் பிடிக்குள் கொண்டுவருவது அந்த ஆட்சியின் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

துரை பங்களாவின் துப்பாக்கி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தபோது தனியார் துப்பாக்கியும் தோட்டத்துக்குள் வந்தது. அது வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகியான துரையின் துப்பாக்கி. பங்களாக்களில் பொதுவாக இருந்தது இரட்டைக்குழல் கொண்ட 12 போர் வேட்டைத் துப்பாக்கி. குழலின் உள்வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும். அந்தக் கணக்கிலிருந்து வந்த பெயர் அது. குழலின் அகலம் சுமார் 18.5 மில்லிமீட்டர். புறாவுக்கும் காட்டுக்கோழிக்கும் பொடி ரவை நிரம்பிய தோட்டா. பன்றிக்கு எட்டு ஒன்பது பெரிய குண்டுகள் மட்டும் அடங்கிய தோட்டா. இளம் ரப்பர்க் கன்றுகளை யானை மிதித்த இடங்களில் கனத்த ரைபிள் தேவைப்பட்டது.

இந்த வேட்டை உலகத்தின் பெரிய பெயர் தியோடர் ஹப்பேக். மலாய் மாநிலங்களில் யானையும் காட்டெருமையும் வேட்டையாடியதைப் பற்றி 1905இல் நூல் எழுதியவர். பின்னாளில் விலங்குகளைக் காக்கும் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார். 1930களின் தொடக்கத்தில் மலாயா வனவிலங்கு ஆணையத்தின் விசாரணையை நடத்தினார். இன்றைய தாமான் நெகாரா தேசியப் பூங்கா உருவாக அவர் உழைப்பு ஒரு முக்கியக் காரணம். மலாயாவின் துப்பாக்கிப் பிரியர்களில் மதிப்போடு நினைக்க வேண்டியவர் இவரே.

பால்மரம் வெட்டிய தமிழர்களுக்கு இந்த உலகத்தில் இடமில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பின்னால் மரவள்ளி போட்டவர் பன்றியை விரட்ட நாயையும் சுருக்குக் கண்ணியையும் நம்பினார். துரை சுட்ட பன்றியில் ஒரு பங்கு லயத்துக்கு வந்தால் அது பெரிய நாள்.

காட்டில் கிடந்த ஆயுதங்கள்

1942 ஜனவரி 7 விடியற்காலையில் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக்கில் பிரிட்டிஷ் அணிகளை உடைத்துக்கொண்டு சிலிம் ரிவர் பாலம் வரை ஓடின. பதினோராவது இந்திய டிவிஷனின் இரண்டு படைப்பிரிவுகள் சில மணி நேரத்தில் சிதறின. பஞ்சாப், கூர்க்கா, ஸ்காட்லாந்து வீரர்கள் ரப்பர் மரங்களுக்கிடையே தெற்கு நோக்கித் தப்பினார்கள். அவர்கள் விட்டுப்போன ரைபிள்களும் இயந்திரத் துப்பாக்கிகளும் தோட்டங்களிலும் சாலையோரப் புதர்களிலும் கிடந்தன. அவற்றைப் பொறுக்கித் தேய்த்து எண்ணெய் போட்டு எடுத்துப்போனவர்களில் புதிதாக உருவான மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் முக்கியமானவர்கள். ஆயுதத்தை ஒளித்துவைத்தவருக்கு ஜப்பானியர் ஆட்சியில் மரணமே கூலி.

1945இல் பிரிட்டனின் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136 விமானங்களிலிருந்து ஸ்டென் துப்பாக்கிகளையும் கார்பைன்களையும் காட்டுக்குள் இறக்கியது. போர் முடிந்து டிசம்பரில் அந்த ஜப்பானிய எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்தவருக்கு 350 டாலர் கொடுக்கப்பட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் திரும்பி வந்தன. ஒப்படைக்காமல் காட்டில் புதைத்துவைத்தவையும் ஏராளம். மூன்று ஆண்டுகளில் அவை மண்ணிலிருந்து வெளியே வந்தன.

அவசரகாலம்

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களால் சுட்டுக்கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துரைகள் காருக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். இடுப்பில் ரிவால்வர், பக்கத்து இருக்கையில் ஸ்டென் அல்லது கார்பைன். வேட்டைத் துப்பாக்கியின் காலம் ஒரே மாதத்தில் முடிந்து, உடம்போடு ஒட்டிய துப்பாக்கியின் காலம் தொடங்கியது. தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலும் மலாய் இளைஞர்கள், கையில் .303 லீ என்ஃபீல்டு ரைபிள். அவர்கள் எண்ணிக்கை சில ஆண்டுகளில் நாற்பதாயிரத்தைத் தாண்டியது.

அதே ஆண்டு வந்த அவசரகால விதி, உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மரண தண்டனை என்றது. தமிழர் வரலாற்றில் அந்த விதி பதித்த வடு எஸ்.ஏ. கணபதி. தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்து, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். ரவாங் அருகே, தஞ்சோங் மாலிமிலிருந்து தெற்கே செல்லும் அதே பெருஞ்சாலை வட்டாரத்தில், 1949 மார்ச்சில் ஒரு ரிவால்வரோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். யாரையும் சுட்டதாக அவர்மீது குற்றச்சாட்டு இல்லை; துப்பாக்கி வைத்திருந்ததே குற்றம். இந்திய அரசு உயிரைக் காக்க முறையிட்டும் பலிக்கவில்லை. 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டார். மலாயாத் தமிழ்த் தொழிலாளர் இயக்கம் அந்த இரண்டு நாள் இழப்பிலிருந்து நெடுங்காலம் எழவில்லை.

தோட்டத்தில் எஞ்சியவர்கள் துப்பாக்கிகளுக்கு நடுவே வாழ்ந்தார்கள். லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டு முடிந்து மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டருகே நிறுத்திச் சோதித்தார்கள். காட்டிலிருந்த கொரில்லாக்களுக்குப் போய்விடும் என்று சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகத் தடை. பகல் முழுக்கப் பட்டினியோடு பால் எடுத்த கணக்குகள் எந்த ராணுவ அறிக்கையிலும் வருவதில்லை. இரவில் காட்டுக்காரன் துப்பாக்கியோடு வந்து அரிசி கேட்டதும் அப்படித்தான்.

1951 அக்டோபரில் ஹைகமிஷனர் ஹென்றி கர்னி ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஜெரால்ட் டெம்ப்ளரின் முதல் சோதனை தஞ்சோங் மாலிமில்தான் நடந்தது. 1952 மார்ச் 25 அன்று, வெட்டப்பட்ட தண்ணீர்க் குழாயைச் சரிபார்க்கப் போன குழுவை மறைந்திருந்து சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். ஜெர்மானியச் சிறைமுகாமிலிருந்து மரக்குதிரையின் மறைவில் சுரங்கம் தோண்டித் தப்பிய மைக்கேல் காட்னர் அவர்களில் ஒருவர். அப்போது இங்கே உதவி மாவட்ட அதிகாரி. டெம்ப்ளர் ஊருக்கு வந்து நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கை விதித்தார். பள்ளிகள் மூடின, பஸ் நின்றது, அரிசிப் பங்கீடு குறைந்தது. தெரிந்ததை எழுதிப் பெட்டியில் போடும்படி வீடுவீடாகத் தாள் கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய இரண்டு வாரம் நீடித்த அந்தத் தண்டனை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை விவாதமானது. குற்றம் செய்யாதவர்களையும் பட்டினி போட்ட அந்த முறையை எந்த வெற்றிக் கணக்கும் நியாயப்படுத்தாது.

ஆனால் டெம்ப்ளர் எடுத்த இன்னொரு முடிவு துணிச்சலானது. காட்டோர மக்களை அரசு குடியமர்த்திய புதுக்கிராமங்களின் ஊர்க்காவல் படைக்கு, அதாவது அரசு சந்தேகித்துவந்த மக்களுக்கே, அவர் துப்பாக்கி கொடுத்தார். ஒவ்வோர் ஆளுக்கும் ஒன்று என்ற கணக்கில்லை. சில துப்பாக்கிகளைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்தினார்கள். பல ஊர்களில் இரவுக் காவலுக்கு எடுத்துப்போன துப்பாக்கி, விடிந்ததும் போலீஸ் சாவடிக்குத் திரும்ப வேண்டும். அவை காட்டுக்குப் போய்விடும் என்று அஞ்சிய அளவுக்கு இழப்பு ஏற்படவில்லை. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்களைக் காக்கச் சீனர்களைக் கொண்டே தனி ஊர்க்காவல் படை 1952இல் அமைந்தது.

சட்டமும் இன்றைய நிலையும்

1960 ஜூலை 31 அன்று அவசரகாலம் முடிந்தது. அந்த ஆண்டே ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டம் சேர்ந்தது: உரிமமில்லாமல் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறு பிரம்படிக்குக் குறையாத தண்டனையும், குற்றத்தின்போது கொல்லும் அல்லது காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் மரணம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடுமை எந்த அளவு இருந்தது என்றால், 1977இல் துப்பாக்கி வைத்திருந்த 14 வயதுச் சிறுவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு கருணையால்தான் அந்த உயிர் தப்பியது. 2023 ஜூலை 4 முதல் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கட்டாய மரண தண்டனை நீங்கி, நீதிபதி நீண்ட சிறையும் பிரம்படியும் விதிக்க வழி பிறந்தது. காலம் தாழ்ந்து வந்த நல்ல திருத்தம் அது.

இன்று சாமானியர் பெறக்கூடிய துப்பாக்கி பெரும்பாலும் ஒன்றே: நடுவில் மடித்துத் தோட்டா போடும் 12 போர் துப்பாக்கி. மலாயில் செனாப்பாங் பாத்தா. காட்டுப்பன்றியும் குரங்கும் பயிரை அழிக்கும் நிலம் இருப்பது முக்கியத் தகுதி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் உதிர்ந்த பழத்தைத் தேடிப் பன்றிகள் தோட்டத்துக்குள்ளேயே புழங்குகின்றன. ஆகவே தேவை உண்மையானது. பன்றி வேட்டைக்கு வனவிலங்குத் துறையின் அனுமதியும் வேண்டும். புதருக்குள் அசைந்தது பன்றி என்று நினைத்துக் கூட வந்தவரையே சுட்டுவிட்ட செய்திகள் மலேசியப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன; உரிமம் பெற்றவர்கள் இதைத்தான் முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

தோட்டாவுக்கும் தனி அனுமதி உண்டு; எத்தனை என்பதையும் உரிமமே சொல்லும். பொம்மைபோலத் தோன்றும் போலித் துப்பாக்கிகளும் சட்டத்துக்குள் அடங்கும். ஊர்க்காவல் படையின் வாரிசுபோல 1972இல் தோன்றிய ரேலா தொண்டர்களிடமிருந்தும் 2012 சட்டம் துப்பாக்கி ஏந்தும் அதிகாரத்தை எடுத்துவிட்டது. இன்று முவாலிம் மாவட்டத்தின் தலைநகராக இருக்கும் தஞ்சோங் மாலிமில் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்க மாநிலப் போலீஸ் தலைவரின் உரிமம் வேண்டும். அதை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். வைத்திருந்தவர் இறந்தால் துப்பாக்கி பிள்ளைகளுக்குத் தானாகச் சேராது; போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும்.